கையளிக்க மறந்த பாடல்

சென்ற ஆண்டு மழைக்காலத்து மாலைப் பொழுதொன்றில், நமது பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவருக்கு நோயிற்பூசுதல் வழங்கச் சென்றிருந்தோம். வயது 87. மூச்சு முட்டியதேயன்றி நினைவு தெளிவாகவே இருந்தது. எண்ணெய் பூசி மன்றாட்டுகளை முடித்ததும் அவர் நம் கையைப் பற்றிக்கொண்டு ஏதோ கேட்டார். குனிந்து செவி கொடுத்தோம். "ஞானசௌந்தரி... ஞானசௌந்தரி..." என்பது மட்டும் காதில் விழுந்தது.

கட்டிலருகே கல்லூரி மாணவனான பேரன் நின்றிருந்தான். அவன் பதறிப்போய்க் கேட்டான்: "ஞானசௌந்தரின்னு எங்க சொந்தத்துல யாரும் இல்லையே ஃபாதர். அப்பாயியோட பழைய சிநேகிதியா இருக்குமோ? எந்த ஊருன்னு தெரிஞ்சா நான் போய்க் கூட்டிட்டு வந்துடுறேன்."

அவன் உண்மையாகவே புறப்பட ஆயத்தமானான். அவனுடைய தந்தை அறுபதை நெருங்குபவர். அவர்தான் தடுத்தார். "அது ஆளு இல்லடா, ஒரு பழைய சினிமா." மகன் விடவில்லை. "என்ன கதைப்பா?" தந்தை சற்றே தலை குனிந்தார். "யாருக்குத் தெரியும்? பதினோரு வயசுல டூரிங் கொட்டகையில பாத்தாங்களாம். நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப எப்பப் பாத்தாலும் அதையே சொல்லிக்கிட்டு இருப்பாங்க. நாங்க எங்க காது குடுத்துக் கேட்டோம்?"

மூதாட்டி கேட்டது அப்படத்தில் வரும் தேவமாதா பாடலை. நாம் பாடத் தொடங்கினோம். இரண்டு அடிகளுக்குமேல் நினைவு வரவில்லை. அதற்குள் பேரன் தன் கைப்பேசியில் தேடி, அரை நிமிடத்தில் பாடலைக் கண்டெடுத்துப் பாட்டியின் காதருகே வைத்தான். வறண்ட உதடுகள் பாட்டோடு சேர்ந்து அசைந்தன. கண்ணோரம் நீர் வழிந்தது. "எதுக்கு அப்பாயி அழுவுறீங்க? இந்தக் கதை என்ன, சொல்லுங்க" என்றான் பேரன். அவர் வாய் திறந்தார். சொல்ல மூச்சில்லை. நான்காம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அந்த மாலையிலிருந்து ஒரு கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. பாடல் அரை நிமிடத்தில் கிடைத்தது. அதன் கதையும், அதனைக் கேட்டு ஒரு பெண் 76 ஆண்டுகளாகக் கண்ணீர் விட்ட காரணமும் கிடைக்கவில்லை. அவற்றை அறிந்திருந்த ஒருவர் அதே வீட்டில் அத்தனை ஆண்டுகளாக வாழ்ந்திருந்தார். அப்படியாயின் எங்கே அறுந்தது இந்த நூல்?

ஞானசௌந்தரியை அறியாத இளைய வாசகர்களுக்காக அக்கதையைச் சிறிது சொல்வோம். மாற்றாந்தாய் லேனாளின் சூழ்ச்சியால் காட்டில் கைகள் வெட்டப்பட்டுக் கைவிடப்பட்ட இளவரசி அவள். பிலேந்திரன் எனும் இளவரசன் அவளைக் கண்டு மணக்கிறான். மீண்டும் சூழ்ச்சிகள், பிரிவுகள், துயரங்கள். இறுதியில் நல்வாழ்வு. இவற்றினூடே தேவமாதாவின் அருளால் இழந்த கைகளை அவள் திரும்பப் பெறுகிறாள். கையிழந்த கன்னியின் கதை இடைக்கால ஐரோப்பாவில் பல வடிவங்களில் வழங்கியது. கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலும் அதன் ஒரு வடிவம் உண்டு. நம்மிடையே அது அம்மானையாகவும் நாடகமாகவும் கூத்தாகவும் வேர்விட்டு, கத்தோலிக்க ஊர்களின் சொந்தக் கதையாகவே ஆகிவிட்டது.

1948ஆம் ஆண்டில் சிட்டாடல் நிறுவனம் இதனைத் திரைப்படமாக்கியது. எம். வி. ராஜம்மா ஞானசௌந்தரியாகவும், டி. ஆர். மகாலிங்கம் பிலேந்திரனாகவும் நடித்தனர். அதே ஆண்டில் ஜெமினி நிறுவனமும் இதே கதையைப் படமாக்கியது. ஆயினும் மக்கள் மனத்தில் நின்றது சிட்டாடலின் படமே. மூதாட்டி கேட்ட பாடலில் ஒரு புதுமை உண்டு. மாதாவின் திருவுருவத்தின்முன் ஒரு சிறுமி மன்றாடத் தொடங்குகிறாள். பாடல் முடிவதற்குள் அவள் குமரியாக வளர்ந்துவிடுகிறாள். சிறுமிக்கு ஜிக்கியும், வளர்ந்த பெண்ணுக்குப் பி. ஏ. பெரியநாயகியும் குரல் கொடுத்தனர். இசையமைத்தவர் எஸ். வி. வெங்கட்ராமன். 1945இல் வெளிவந்த 'மீரா' படத்திற்கு இசையமைத்தவரும் அவரே. கண்ணனுக்காக உருகிய மீராவுக்குப் பண் தந்தவரே, மூன்றாண்டுகளில் நம் அன்னை மரியாவிடம் மன்றாடும் குரலுக்கும் பண் தந்தார். அப்பாடலைக் கத்தோலிக்கர் மட்டும் பாடவில்லை, தமிழ்நாடே பாடியது.

இப்படத்தைக் குறையற்ற காவியமென்று நாம் கூற வரவில்லை. தீமை முழுவதையும் ஒரு மாற்றாந்தாயின் தலையில் சுமத்திவிட்டு, மற்றவரையெல்லாம் ஏமாந்தவர்களாகக் காட்டிவிடுவது எளிய வழி. நம் ஊர்களில் தாயிழந்த பிள்ளைகளை நெஞ்சார வளர்த்த சிற்றன்னையர் எத்தனையோ பேரை இத்தகைய கதைகள் வீணே சந்தேகத்திற்கு உள்ளாக்கியுள்ளன. நாயகியின் பெரும்புண்ணியம் பொறுத்துக்கொள்வது மட்டுமே. இன்றைய இளம்பெண் ஒருத்தி இதனை எதிர்த்துக் கேட்டால் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆயினும் எதிர்த்துக் கேட்பதற்கும் முதலில் கதை தெரிந்திருக்க வேண்டுமே!

தலைமுறைகளுக்கிடையே பாட்டிலும் படத்திலும் இடைவெளி விழுவது புதிதன்று. 1952இல் மைய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறையை ஏற்ற பி. வி. கேஸ்கர், திரையிசை மக்களின் சுவையைக் கெடுக்கிறது எனக் கருதி, அகில இந்திய வானொலியில் அதற்குரிய இடத்தைச் சுருக்கினார். விளைவு யாது? நேயர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பிக்கொண்டனர். 1957இல் விவித பாரதியைத் தொடங்கித் திரையிசைக்கு அரசே மீண்டும் கதவு திறக்க வேண்டியதாயிற்று. மூத்தோர் காதைப் பொத்திக்கொண்டால் இளையோர் பாடுவதை நிறுத்திவிடுவதில்லை. வேறிடம் சென்று பாடுகின்றனர்.

அன்றும் இடைவெளி இருந்தது; ஆனால் இடைவெளியின் இருபுறத்தாரும் ஒரே முற்றத்தில் அமர்ந்திருந்தனர். தேநீர்க் கடை வானொலி கிழவருக்கும் சிறுவருக்கும் சேர்த்தே பாடியது. பங்குத் திருவிழாவில் கொடியேறியதுமுதல் தேர்பவனி முடியும்வரை மைக்செட்காரர் வைக்கும் இசைத்தட்டுகளை ஊரே கேட்டாக வேண்டும். பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒருவர் பாட்டு மற்றவர் காதில் விழுந்தது. சென்னைத் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' வந்தபோது, பெட்டி இருந்த வீட்டுத் திண்ணையில் தெருவே கூடியது. பாகவதர் பாட்டு வந்தால் தாத்தா நிமிர்ந்து அமர்வார், புதிய பாட்டு வந்தால் "இது என்ன கூத்து!" என்று வைதுகொண்டே அவரும் பார்ப்பார். "யாரு தாத்தா இவரு?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அரைமணி நேரத்தில் ஒரு கையளிப்பு யாருடைய திட்டமுமின்றி நடந்தேறிவிடும்.

அந்த முற்றத்தைக் கலைத்தவர் இன்றைய இளைஞரல்லர். அதனைக் கலைக்கத் தொடங்கியவர்கள் நாமே. இப்போது ஐம்பதையும் அறுபதையும் எட்டியிருக்கும் நம் தலைமுறையே. 1976இல் 'அன்னக்கிளி'யுடன் இளையராஜா வந்தார். 1980களில் ஒலிநாடாக்கள் மலிந்தன. கேசட் கடையில் நமக்கு வேண்டிய பாடல்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கினோம். நம் அறையில், நம் கருவியில், நம் பாட்டு. அப்பாவின் பாட்டை "இழுவை" என்றோம். அம்மா ஞானசௌந்தரியைப் பற்றிப் பேச்செடுத்தால் "ஆரம்பிச்சுட்டாங்க" என்று எழுந்து சென்றோம். இன்று இளைஞன் காதில் பொருத்தியிருக்கும் கருவி, அன்று நாம் சாத்திக்கொண்ட அறைக்கதவின் சிறு வடிவமே. கட்டிலருகே தலைகுனிந்து நின்ற அந்தத் தந்தை நம் வயதினர். அவருடைய வெட்கம் நம் அனைவருக்கும் உரியது.

பழையதை வாங்கிக்கொள்ளத் தவறிய நாம், புதியதையாவது மதித்தோமா? இங்கே நமது குற்றமொன்றை வாசக அன்பர்முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2021ஆம் ஆண்டுத் தவக்காலம். அந்த மார்ச் மாதத்தில்தான் 'என்ஜாய் எஞ்சாமி' எனும் பாடல் வெளியாகிக் கைப்பேசிதோறும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஞாயிறு மறையுரையில் நோன்பின் மௌனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாம், "ஆங்கிலமும் தமிழும் கலந்த பொருளற்ற கூச்சல்" என்று அப்பாடலைப் பெயர் சொல்லிக் கடிந்தோம். பெரியவர்கள் தலையசைத்தனர், சிலர் புன்னகைத்தனர். நமக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. அப்பாடலை நாம் முழுமையாகக் கேட்டிருக்கவில்லை. தெருவில் போகும்போது காதில் விழுந்த தாளமே நாம் அறிந்தது.

திருப்பலி முடிந்து உடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, பாடகர் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் பின்னறை வாயிலில் வந்து நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. அதிர்ந்து பேசாதவள். "ஃபாதர், தப்பா நெனைக்காதீங்க. நீங்க கேலி பண்ணீங்களே 'எஞ்சாமி', அது வேற ஒண்ணும் இல்ல ஃபாதர். 'என் சாமி'. எங்க அம்மாச்சி என்னைய அப்படித்தான் கூப்புடுவாங்க. அவங்களும் மலைநாட்டுத் தோட்டத்துல பொறந்து மண்டபம் கேம்ப் வழியா வந்தவங்கதான். அந்தப் பாட்டக் கேட்டப்பதான் மொத மொதல்ல அவங்ககிட்ட உக்காந்து அந்தக் கதையெல்லாம் கேட்டேன்."

அன்றிரவு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அப்பாடலைக் கேட்டோம், ஒருமுறையன்று, நான்குமுறை. சந்தோஷ் நாராயணன் இசையில் அறிவும் தீயும் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, பின்னர் தாயகம் திரும்ப நேர்ந்த தம் பாட்டியின் வாழ்விலிருந்து அறிவு அதனை உருவாக்கியிருந்தார். முன்னோர் வளர்த்த மண்ணின் புகழ் ஒருபுறம். உழைத்தவர் தாம் உண்டாக்கிய வளத்தை நுகராமற்போன வேதனை மறுபுறம். நம் ஊர்ப் பெண்கள் பிணத்தருகே அமர்ந்து மார்பிலடித்துப் பாடும் ஒப்பாரியின் ஓசை அதனூடே எழுகிறது. நாம் கூச்சலென்று இகழ்ந்தது ஒரு பாட்டிக்குப் பேரன் எடுத்த விழா!

அப்பாடலின் பின்னணியை அறிய முற்பட்டபோது மற்றொன்றும் தெரிந்தது. இலங்கையில் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. நம் மூதாட்டி டூரிங் கொட்டகையில் ஞானசௌந்தரிக்காக அழுத காலமும் அதுவே. பின்னர் 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. தாம் பிறந்து உழைத்த தோட்டங்களை விட்டுக் குடும்பம் குடும்பமாக இங்கே வந்தனர். அவர்களுள் ஒருவர் நமது பங்கில், நாம் ஞாயிறுதோறும் நற்கருணை வழங்கும் வரிசையில் நின்றிருக்கிறார். நாம் அறிந்திருக்கவில்லை. ஒரு திரையிசைக் கலைஞர் எடுத்துச் சொல்ல, ஒரு மாணவி கேட்டுச் சொல்ல, பங்குத் தந்தை பின்னரே அறிந்துகொண்டோம்.

'என்ஜாய் எஞ்சாமி'யிலும் குறை காணலாம். சொற்கள் விரைந்தோடுவதால் பல இடங்களில் பொருள் பிடிபடுவதில்லை. ஆடத் தூண்டும் தாளம், அழவேண்டிய இடத்தையும் ஆடிக் கடந்துவிடச் செய்கிறது. திருமண வீடுகளில் இதற்கு ஆடிய பலர், தாம் ஆடுவது ஓர் ஒப்பாரிக்கு என்பதை உணர்ந்திருக்க மாட்டார்கள். பாட்டி பேரப்பிள்ளையை அழைக்கும் அருமையான சொல்லோடு ஓர் ஆங்கிலச் சொல்லை ஒட்டியது, நம்மைப் போன்ற முதியோர் காதை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆனால் இவையெல்லாம் கேட்டபின் கூறத்தக்க குறைகள். கேளாமல் கூறுவது திறனாய்வாகாது; அது வெறும் வசை.

இவ்விரு பாடல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. 1948இன் பாடலில் கைவிடப்பட இருக்கும் ஒரு பிள்ளை விண்ணகத் தாயை அழைக்கிறாள். 2021இன் பாடலில் கைவிடப்பட்ட ஒரு மக்களின் பேரன் தன் மூதாதையரை அழைக்கிறான். இரண்டும் தாய்க்கான ஏக்கமே. 'என் சாமி' என்று ஒரு முதியவள் குழந்தையை விளிப்பதில் ஆழ்ந்த இறையியலும் உண்டு. தன் மடியில் கிடக்கும் சிறு பிள்ளையில் ஆண்டவரைக் காணும் பார்வை அது. பெத்லகேமில் கிடத்தப்பட்ட குழந்தையை வணங்கும் நமக்கு இப்பார்வை அந்நியமாக இருக்கலாகாது.

திருச்சபை இதைக் குறித்து நம்மைப்போல் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட விதித் தொகுப்பு, இளையோர் தாம் பார்ப்பதையும் கேட்பதையும் ஆசிரியரோடும் அறிந்தோரோடும் கலந்து பேசித் தெளிந்த மதிப்பீடு செய்யக் கற்க வேண்டும் என வலியுறுத்துகிறது. 1971இல் வெளிவந்த 'கொம்யூனியோ எத் ப்ரோக்ரெஸ்ஸியோ' எனும் மேய்ப்புப் பணி ஏடு இன்னும் ஒருபடி சென்று, இளையோரைப் பெரிதும் கவரும் ஒலிபரப்புகளையும் திரைப்படங்களையும் நூல்களையும் பெற்றோரும் ஆசிரியரும் தாமே அறிந்திருக்க வேண்டும் என்கிறது. அவற்றைக் குறித்துப் பிள்ளைகளோடு உரையாட வேண்டுமென்றால் அதுவே வழி. குருமடத்தில் இவ்வேட்டைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதியவர் நாம். அந்த மறையுரையின்போது அது நினைவுக்கு வரவில்லை.

விவிலியமும் இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. யோர்தானைக் கடந்தபின் யோசுவா ஆற்றிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டச் செய்தார். பிற்காலத்தில் பிள்ளைகள் அவற்றைக் கண்டு, இவை என்ன என்று கேட்பார்கள். அப்போது பெரியோர் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். பாஸ்கா விழாவுக்கும் அதே ஏற்பாடுதான். பிள்ளை கேட்க வேண்டும். பெரியவர் சொல்ல வேண்டும். கேட்பதற்கு ஏதுவாகக் கண்ணுக்குமுன் ஒரு கல்லேனும் கிடக்க வேண்டும். நம் வீடுகளில் அத்தகைய கற்கள் யாவை? பழைய பாட்டு ஒரு கல். பழைய நிழற்படம் ஒரு கல். அவற்றையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, "பிள்ளைகள் எதுவும் கேட்பதில்லை" என்று குறைப்படுகிறோம்.

மரபு என்பதைக் குறிக்கப் புனித பவுல் ஆளும் கிரேக்கச் சொல்லின் பொருள் 'கையளித்தல்' என்பது. தாம் பெற்றுக்கொண்டதையே கையளித்ததாக அவர் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அதே வாக்கியத்தில், ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவைக் குறிக்கவும் அதே வினைச்சொல்லையே பயன்படுத்துகிறார். கையளித்தலும் காட்டிக்கொடுத்தலும் கிரேக்கத்தில் ஒரே வினை! நம் கையில் உள்ள ஒன்றை எவ்வாறு, யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. தாயிடமிருந்து வாங்கிக்கொள்ளாமலும் மகனிடம் ஒப்படைக்காமலும் நின்ற ஒரு தலைமுறையை எந்தச் சொல்லால் குறிப்பது? நாம்தாம் கைகளை இழந்து நிற்கிறோம் என்று தோன்றுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அண்மைக் காலமாக '90ஸ் கிட்ஸ்', '2கே கிட்ஸ்' என்று பிறந்த ஆண்டைக் கொண்டு மனிதரைப் பிரித்துப் பேசும் வழக்கம் வளர்ந்துள்ளது. நாங்கள் தின்ற மிட்டாய் உனக்குத் தெரியுமா, நாங்கள் பார்த்த தொடர் உனக்குத் தெரியுமா என்று கேட்டு, தெரியாதவரை எள்ளி நகையாடுவர். வேடிக்கையாகத் தொடங்குவது வேலியாகிவிடுகிறது. தன் இளமைக்கால நினைவுகளைப் பிறர் நுழையக்கூடாத சொத்தாக்கிக்கொள்பவர் எதையும் கையளிப்பதில்லை, காவல் காக்கிறார். ஞானசௌந்தரியைத் தெரியாத இளைஞனைப் பார்த்து நாம் சிரித்தால் நாமும் அதே வேலியையே போடுகிறோம். அந்தப் பேரன் தெரியாமல் கேட்டான். ஆனால் இல்லாத ஒரு பெண்ணைத் தேடி மழையில் புறப்படவும் ஆயத்தமாக இருந்தான். தெரிந்திருந்த நாம் இரண்டடி பாடிவிட்டு நின்றுவிட்டோம்.

எனவே மூத்தோர் அனைவரும் இன்றைய பாடல்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதோ, இளையோர் 1948இன் படங்களைப் பட்டியலிட்டுப் பார்க்க வேண்டும் என்பதோ நம் கருத்தன்று. எல்லாவற்றையும் எல்லாரும் அறிவது இயலாது, தேவையுமில்லை. ஒரே வீட்டில் வாழும் ஒருவர் எந்தப் பாட்டைக் கேட்டு அழுகிறார், ஏன் அழுகிறார் என்பதை மட்டும் மற்றவர் அறிந்திருந்தால் போதும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டில் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளை ஏற்படுத்தினார். ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று, புனித சுவக்கின், அன்னா விழாவையொட்டி அது கொண்டாடப்படுகிறது. பல பங்குகளில் அன்று முதியோருக்குப் பொன்னாடை போர்த்தி, பழம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பொன்னாடையோடு ஒரு கேள்வியும் கொடுக்கலாம்: "நீங்கள் சிறுபிள்ளையாய் இருந்தபோது உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது?" பதிலுக்கு இளையோரும் தம் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்து, அதில் என்ன இருக்கிறதென்று பெரியோருக்குச் சொல்லட்டும். அன்பியக் கூட்டத்தில் இதற்கு அரைமணி நேரம் போதும்.

மூதாட்டியின் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மாலையில் அந்தப் பேரன் நம்மைத் தேடி வந்தான். "ஞானசௌந்தரி கதைய நீங்களாவது சொல்லுங்க ஃபாதர்" என்றான். நமக்குத் தெரிந்தவரை சொன்னோம். நம் பாட்டி சொல்லிக் கேட்டது பாதி, பின்னர் படித்தது பாதி. அவன் இடைமறிக்காமல் கேட்டான். பின்பு தன் கைப்பேசியில் அந்தப் பாடற்காட்சியை மீண்டும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "பாட்டு ஆரம்பிக்கும்போது சின்னப் பிள்ளை. முடியும்போது பெரிய பொண்ணு. அத்தன வருஷமும் அவ பக்கத்துல யாருமே இல்லையே ஃபாதர்? மாதா மட்டும்தானா?"

அப்பாடலைச் சிறுவயது முதல் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மாதாவின்மேல் அவளுக்கிருந்த பக்தியைக் கண்டிருக்கிறோம். மறையுரையில் எடுத்துக்காட்டாகவும் சொல்லியிருக்கிறோம். அவளுடைய தனிமை ஒருநாளும் நம் கண்ணில் பட்டதில்லை. தன் பாட்டைத் தானே கேட்டுக்கொண்டு வளர்ந்த ஒரு பிள்ளையின் கண்ணுக்கு அது முதற்பார்வையிலேயே பட்டுவிட்டது. பழைய பாடலைக் கையளிக்கச் சென்ற நாம், அப்பாடலின் பொருளை அவனிடமிருந்து பெற்றுக்கொண்டு திரும்பினோம். அவன் கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. விடை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது.

இந்த இதழை மூடிவைத்தபின், அன்பர்களே, அடுத்த அறையில் காதில் கருவியோடு அமர்ந்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் சற்றே போய் உட்காருங்கள். என்ன பாட்டு என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாய்க் கேளுங்கள். பிறகு உங்கள் பாட்டையும், உங்கள் தாயின் பாட்டையும் சொல்லுங்கள். சொல்ல மூச்சிருக்கும்போதே சொல்லுங்கள்.